ஒன்பது நிமிடத்தில் நிற்கும் மெஷின்

எங்கள் வாஷிங் மெஷினின் சின்னத் திரையில் 0:09 என்று வந்துவிட்டால் அம்மா கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மொட்டை மாடிக் கொடியில் நல்ல இடம் பிடிக்க வேண்டும், பக்கத்து வீட்டார் வருவதற்குள். ஒன்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் அதே 0:09. டிரம் இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று மெதுவாக உருட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வேகம் எடுக்கும், உடனே தயங்கி நின்றுவிடும். கொஞ்சம் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். மறுபடி உருட்டல்.

"ஏண்டி, ஒம்போது நிமிஷம்னு சொல்லி அரை மணி ஆச்சு. இதுக்கு என்ன வந்துது?"

அன்றைக்கு வந்தது ஜமுக்காளம். உள்ளே அது ஒன்றுதான் இருந்தது. தண்ணீரைக் குடித்து, சுருண்டு, ஒரே உருண்டையாக டிரம்மின் ஒரு பக்கத்தில் கிடந்தது.

ஐந்து வருஷத்துக்கு மேல், முன்பக்கம் கதவு வைத்த இந்த ஃப்ரண்ட் லோட் மெஷினோடு குடித்தனம் செய்கிறேன். இது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொண்டதில் ஒரு விஷயம் பிடிபட்டது. இதன் பிடிவாதங்களில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தால் வருகின்றன. ஒன்று, இது தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறது. இரண்டு, எங்கள் சென்னை மடிப்பாக்கத்துத் தண்ணீர் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. இந்த இரண்டையும் புரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்குள் சுமுகம் வந்தது. புதிதாக வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒன்பது நிமிடம்.

கடைசிப் பிழிதலில் எங்கள் மெஷின் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும். டிரம்மின் ஆரம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், டிரம் சுவரோடு ஒட்டிச் சுற்றும் துணியின் மேல் புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசை வருகிறது. அதாவது ஒரு கிலோ ஈரத்துண்டு, சுற்றும்போது 400 கிலோவாக வெளியே இழுக்கும். எதிர்ப்பக்கத்தில் அதே எடைக்கு இன்னொரு துணி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். ஒற்றை ஜமுக்காளத்துக்கு ஈடுகட்ட எதிரே ஆள் இல்லை. அந்த வேகத்தில் அப்படிச் சுற்றினால் மெஷின் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறது. மோட்டாரின் ஓட்டத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை வைத்து எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறது. சாய்ந்திருந்தால் நிறுத்தி, தண்ணீர் விட்டு, துணியைக் கலைத்துப் பரப்பிவிட்டு மறுபடி முயல்கிறது. திரையில் தெரியும் ஒன்பது நிமிடம், எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் நேரம். கலைத்துப் பரப்புகிற நேரம் அந்தக் கணக்கில் சேராது.

1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கு விற்ற தானியங்கி மெஷினும் முன்பக்கம் கதவு வைத்ததுதான். அதிர்வு தாங்காமல் அதைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கி வைக்க வேண்டியிருந்தது. இன்றைய மெஷினில் டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டியை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, கீழே அதிர்வைத் தாங்கும் கால்கள் கொடுத்து, அசையாமல் இருக்கக் கனமான கான்கிரீட் கட்டிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் மூன்றாம் மாடிக்கு இதைத் தூக்கிவந்த இரண்டு பேரில் ஒருவர், மூச்சு வாங்கியபடி, "உள்ள கல்லு வெச்சிருக்காங்களாக்கா?" என்று கேட்டார். வைத்துத்தான் இருக்கிறார்கள்.

ஜமுக்காளத்துக்கு மருந்து சுலபம். கூடவே இரண்டு குளியல் துண்டு போட வேண்டும். அவை எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் கையேட்டில் படித்துச் சொல்வதற்குள் அம்மாவே அதைக் கண்டுபிடித்திருந்தாள். ஒற்றைப் போர்வை, ஒற்றை மிதியடி, ஒற்றை ஜீன்ஸ் என்று எதையும் இப்போது அவள் தனியாகப் போடுவதில்லை.

மெஷின் நிற்கும் தரை மட்டமாக இல்லாவிட்டாலும் இதே தொல்லைதான். எங்கள் சர்வீஸ் ஏரியாவில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். முதல் மாதம் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தோம். பிழியும்போது ஒரு சாண் நகர்ந்து சுவரில் போய் முட்டியது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, மெஷினின் சொந்தக் கால்கள் நான்கையும் திருகி உயரம் சரிசெய்தோம். அம்மா ஒரு எவர்சில்வர் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மெஷின் தலையில் வைத்தாள். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கக் காலை உயர்த்தினோம். நாலாவது தம்ளரில் வழிவது நின்றது. அதற்குப் பிறகு நகரவே இல்லை.

இந்த மெஷினை ஏன் வாங்கினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரியும் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றி ஜூலை 12 அன்று வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் அடுக்ககத்து போர் (ஆழ்துளைக் கிணறு) காற்றைக் கக்கியது. 12,000 லிட்டர் தனியார் லாரிக்குச் சொல்லி வைத்துவிட்டு நாலைந்து நாள் காத்திருந்தோம். லாரி வந்த நாளில் எட்டு வீடும் ஒன்றாகத் துவைத்தால் மறுநாளே தொட்டி காலி.

அப்போது எங்களிடம் இருந்தது மேலே மூடி வைத்த டாப் லோட். அந்தக் கோடையில் துவைத்த தண்ணீரைக் கழிப்பறைக்குப் பிடித்துவைப்பதற்காக அதன் கழிவு ஹோஸை 100 லிட்டர் நீல டிரம்முக்குள் விட்டிருந்தோம். மூன்றாவது அலசலுக்கு முன்பே டிரம் நிரம்பி வழிந்தது. ஒரு தடவை துவைக்க 140 லிட்டருக்குக் குறையாமல் போகிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தோம். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஃப்ரண்ட் லோட் வந்தது. அதே ஹோஸ், அதே நீல டிரம். முழுத் துவைப்பும் முடிந்தபோது டிரம்மில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 60 லிட்டருக்குள் நின்றது. அம்மா டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

சந்தேகம் நியாயமானதுதான். அம்மா திருவையாற்றுப் பக்கத்துக்காரி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஜனவரி கடைசி வரை வாசலுக்குச் சமீபத்தில் காவிரி. படித்துறையில் துணியை அடித்து, ஓடுகிற தண்ணீரில் விரித்துப் பிடித்து அலசிப் பழகியவள். தண்ணீர்தான் அழுக்கை எடுக்கிறது என்பது அவள் கண்ட உண்மை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அடியில் நாலு விரல் அளவுகூடத் தண்ணீர் தெரியாத ஒரு மெஷின் எப்படித் துவைக்கும்?

இதற்குப் பதில் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959-இல் சொன்ன ஒரு கணக்கில் இருக்கிறது. அழுக்கு போவதற்கு நான்கு வேண்டும்: சோப்பின் வேலை, அடித்துக் கசக்கும் வேலை, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். படித்துறையில் நேரம் குறைவு, சூடு கிடையாது, அடி அதிகம். ஃப்ரண்ட் லோடில் டிரம்முக்குள் இருக்கும் துடுப்புகள் துணியை மேலே தூக்கிக் கொண்டுபோய் அங்கிருந்து கீழே போடுகின்றன. கதவருகே காது வைத்துக் கேட்டால் சொத் சொத்தென்று சத்தம் கேட்கும். கல்லில் அடிப்பதும் அதுவும் ஒரே வேலைதான். ஆனால் அடி மெதுவானது, அதனால் நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. காட்டன் புரோகிராம் இரண்டரை மணி நேரம் ஓடுவதற்கு அதுதான் காரணம். குறைந்த தண்ணீரில் சோப்பும் கெட்டியாக நிற்கிறது, சூடாக்கவும் கரண்ட் குறைவாகப் போதும்.

துணி விழ இடம் வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாய்வரை அடைத்தால் அது தூக்கிப் போடாது, மொத்தமாகப் புரட்டும், அவ்வளவுதான். துணியைப் போட்ட பிறகு மேலே ஒரு கை நுழைந்து அகலமாக அசைய வேண்டும். ஏழு கிலோ என்று வெளியே போட்டிருப்பது காய்ந்த பருத்தித் துணிக்கு. பாலியெஸ்டருக்கு அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மனம் மாறியது சூட்டினால். என் பையனுக்கு அம்மை போட்டு இறங்கியதும் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் 60 டிகிரியில் போட்டேன். கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பாக ஒரு வாசனை வந்தது. அம்மா விரிப்பை முகத்தருகே கொண்டுபோய், "வெள்ளாவி வெச்ச மாதிரி இருக்குடி" என்றாள். ஊரில் துணி வெளுப்பவர்கள் உவர்மண்ணில் முக்கிப் பானையில் ஆவி கட்டி எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். உவர்மண்ணில் இருந்தது சோடா உப்பு. இன்றைய சலவைத் தூளிலும் அது இருக்கிறது. காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அதே வேலையை இந்தப் பெட்டி பூட்டிய கதவுக்குள் செய்கிறது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். தினமும் வேண்டாம். விரிப்பு, துண்டு, உள்ளாடைக்கு வாரம் ஒரு முறை நிச்சயம் வேண்டும் என்பது என் கருத்து. பச்சைத் தண்ணீரிலேயே வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்கள் மெஷினில் நாற்றம் வருகிறது என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

நாற்றம் எங்கள் வீட்டிலும் வந்தது, இரண்டாவது மழைக்காலத்தில். துவைத்த துணியிலேயே பழைய ஈரச் சாக்கு வாடை. கதவைச் சுற்றி இருக்கும் சாம்பல் நிற ரப்பரின் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தேன். கீழ்ப்பக்கத்தில் ஒரு கரண்டி அளவு தண்ணீர் தேங்கி நின்றது, அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். விரலில் வழுவழுவென்று ஒட்டியது. அந்த மடிப்பிலிருந்து அன்று எடுத்தவை: இரண்டு ஊக்கு, ஒரு ரூபாய் நாணயம், கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு, முடி சேர்ந்து உருண்ட நூல் பந்து, பாதி கரைந்த குங்குமப் பொட்டலம். தண்ணீர் வெளியே கசியாமல் கதவை இறுக்கிப் பிடிப்பது அந்த ரப்பர்தான். காற்றும் போகாதபடி இறுக்கிப் பிடித்தால் உள்ளே பூஞ்சை வராமல் என்ன செய்யும்? துவைத்து முடிந்ததும் மடிப்பைப் பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டு, கதவை நாலு விரல் திறந்தே வைக்கிறோம். சோப்பு டிராயரையும் வெளியே இழுத்து வைக்கிறோம். மாதம் ஒரு முறை துணியே இல்லாமல் மெஷினை மட்டும் அதிகபட்ச சூட்டில் ஓட்டுகிறோம். வாடை போய்விட்டது, திரும்ப வரவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் திறந்த கதவு ஆபத்து. அவர்கள் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் கூடவே இருந்து காயவிட்டு மூடுவது நல்லது.

கீழே வலது மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதற்குப் பின்னால்தான் பம்ப்பின் ஃபில்டர். மாதம் ஒரு தடவை அதைத் திருகி எடுத்துக் கழுவ வேண்டும். முன்னால் ஒரு தட்டு, அதன் கீழே பழைய துண்டு. திருகுவதற்கு முன்பு பக்கத்தில் இருக்கும் சுண்டுவிரல் தடிமன் ரப்பர்க் குழாயை இழுத்து, அடைப்பைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரை வடிக்க வேண்டும். இந்தக் குழாயின் அருமை கரண்ட் போனபோது தெரிந்தது.

எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். செய்தி கவனிக்காமல் எட்டரைக்குத் துணி போட்டுவிட்டேன். பாதித் தண்ணீரோடு கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே பையனின் பள்ளிச் சீருடை, அம்மாவின் சுங்குடிப் புடவை. சுங்குடி சாயம் விடும், எப்போதும் தனியாகத்தான் போடுவோம். அன்று அவசரத்தில் ஒன்றாகப் போய்விட்டது. வெள்ளைச் சட்டை சாயத் தண்ணீரில் ஊறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி கைப்பிடியை இழுத்தேன், அசையவில்லை. அம்மா என் கையை விலக்கி, "ஒடைச்சிடாதே, தண்ணியை முதல்ல எடு" என்றாள். அந்தக் குழாயால் தாம்பாளம் தாம்பாளமாகத் தண்ணீரை வடித்தோம். பத்து நிமிடம் பிடித்தது. தண்ணீர் முழுக்க இறங்கிக் கொஞ்ச நேரத்தில் இழுத்ததும் கதவு திறந்துகொண்டது. சட்டையில் காலர் ஓரம் மட்டும் லேசான சிவப்பு. அதை அம்மா கையால் கசக்கி எடுத்துவிட்டாள்.

சாதாரண நாளிலும் துவைத்து முடிந்ததும் கதவு உடனே திறக்காது. ஒன்று அல்லது இரண்டு நிமிடம் கழித்து டக் என்று ஒரு சத்தம். அதற்கும் காரணம் இருக்கிறது. பல மெஷின்களில் பூட்டுக்குள் இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு தகடு உண்டு. கரண்ட் பாய்ந்தால் சூடாகி வளைந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். கரண்டை நிறுத்தினால் ஆற வேண்டும், ஆறி நிமிர்ந்தால்தான் விடும். அந்த ஆறும் நேரம்தான் நம்மைக் காக்க வைப்பது. டிரம் முழுக்க நின்றபிறகே கை உள்ளே போக வேண்டும் என்பதற்கான பாதுகாப்பு. பொறுமை இல்லாமல் இழுத்துக் கைப்பிடியை உடைத்துக்கொண்டவர்கள் எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு வீடு.

இனி உப்புத் தண்ணீர். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல நினைத்தது இதைத்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை. எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது 600-ஐயும் தாண்டியிருந்தது. பக்கெட் விளிம்பில் வெள்ளை வளையம், குழாய் வாயில் சுண்ணாம்பு மொட்டு, குளித்தால் சிக்குப் பிடிக்கும் தலை. சென்னையின் தென் புறநகரில் போர் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

மூன்றாவது வருஷம் மெஷின் சூடாக்குவதை நிறுத்திப் பிழை எழுத்து காட்டியது. மெக்கானிக் தம்பி வந்து ஹீட்டரை உருவி வெளியே எடுத்தார். கம்பியாக இருக்க வேண்டியது கல்லாக இருந்தது. விரல் தடிமனுக்கு வெள்ளைப் பூச்சு. ஸ்பேனரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினார். முட்டை ஓடு உடைவதுபோல் ஒரு துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது. அதை எடுத்து விரலால் நசுக்கினேன், கோலமாவு மாதிரி ஒட்டியது. அவர் தன் பையிலிருந்து எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலத் தூள் கொஞ்சம் எடுத்து, தண்ணீரில் கரைத்து, அந்தத் துண்டைப் போட்டார். சுறுசுறுவென்று பொங்கிக் கரைந்தது. "இதுதான்க்கா மாசம் ஒரு தடவை மெஷினுக்குள்ள நடக்கணும்" என்றார்.

நடப்பது இது: கடினத் தண்ணீரில் கால்சியம், பைகார்பனேட்டாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. சூடு பட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிக் கரையாமல் படிகிறது. எங்கே அதிகச் சூடோ அங்கே அதிகம் படியும், அதாவது ஹீட்டர் மேலேயே. பூச்சு ஏற ஏறச் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே தங்கும். கரண்ட் கூடுதலாகும், கடைசியில் கம்பி கருகும். அம்மாவுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. வெந்நீர் போடும் தவலையின் அடியில் ஏறும் அதே பொருக்கு. புளி போட்டு அதை எடுத்தவள் அவள். புளியின் இடத்தில் இப்போது எலுமிச்சை உப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

உப்புத் தண்ணீரின் இன்னொரு சேட்டை, மெஷினுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில். அங்கே ஒரு சிறு சல்லடை உண்டு. போர் மணலும் உப்புப் பொடியும் அதில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நாங்கள் மேல் மாடியில் இருப்பதால் தொட்டி எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் அதனாலேயே அழுத்தம் குறைவு. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம். எங்களுக்கு மூன்று மீட்டர், அதாவது 0.3 பார். கையேட்டில் குறைந்தபட்சமாகக் கேட்டிருப்பதே அதுதான். சல்லடை கொஞ்சம் அடைத்தாலும் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடும். முதல் தடவை அது நின்றபோது சர்வீஸுக்குச் சொல்லி மூன்று நாள் காத்திருந்தோம். இப்போது பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று அதற்கென்றே மெஷின் பக்கத்தில் தொங்குகிறது. குழாயை மூடிவிட்டு, ஹோஸைக் கழற்றி, சல்லடையைத் தேய்த்து மாட்ட ஐந்து நிமிடம்.

எல்லாவற்றையும்விட நீண்ட வழக்கு நுரைக்காக நடந்தது. அம்மாவுக்கு நுரை வர வேண்டும். மெஷினுக்கு நுரை ஆகாது. துணி மேலிருந்து விழும்போது நடுவில் நுரை மெத்தையாக நின்றால் அடி விழாது. நுரை அதிகமானால் பம்ப் திணறும், மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தி நுரை அடங்கக் காத்திருக்கும், கூடுதலாக அலசும். மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் அங்கே போய்விடும். கைத்துவைப்புத் தூளைப் போட்டால் கட்டாயம் இதுதான் நடக்கும். நுரை குறைவாக வரும்படி ஃப்ரண்ட் லோடுக்கென்று செய்த தூளோ லிக்விடோதான் வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, எவ்வளவு போடுவது? பாட்டில் மூடியில் கோடு போட்டிருக்கிறார்கள். நான் அந்தக் கோட்டை நம்பினேன். ஒரு வாரம் அதே அளவுக்குத் துணி பிசுபிசுவென்று அழுக்குப் போகாமல் வந்தது. அடுத்த வாரம் அதே அளவுக்குக் கண்ணாடி முழுக்க நுரை. மெஷினில் கோளாறு என்று நினைத்தேன். அம்மா சொன்னாள்: "மெஷின் அப்படியேதான் இருக்கு. தண்ணி மாறியிருக்கு. போன வாரம் போர், இந்த வாரம் லாரி."

லாரிகள் ஒரே கிணற்றிலிருந்து வருவதில்லை. ஒன்று கொண்டுவருவது நல்ல தண்ணீர், ஒன்று கொண்டுவருவது எங்கள் போரைவிட மோசம். கடினத் தண்ணீரில் கால்சியம் சோப்பின் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சம்தான் அழுக்குக்கு. நல்ல தண்ணீரில் அந்தப் பங்கு தேவையில்லை, அது நுரையாகிவிடும். ஆகவே மூடியின் கோடு எந்தத் தண்ணீருக்கு என்று தெரியாமல் அளவு சொல்ல முடியாது. காவிரியில் துவைத்து, கல்யாணமாகி வந்து உப்புத் தண்ணீரில் துவைத்தவளுக்கு இது கையோடு ஒட்டிய அறிவு. "ஆத்துத் தண்ணியில சோப்பு கையை விட்டுப் போகவே போகாது, வழுவழுன்னு நிக்கும். இங்க தேய்க்கத் தேய்க்கத் திரியும்" என்பாள்.

அவள் சோதிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளியல் சோப்பை உள்ளங்கையில் மூன்று முறை தேய்ப்பாள், அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. குழாயைச் சொட்டவிட்டுச் சில துளி பிடிப்பாள். இரண்டு கையையும் சேர்த்து உரசிவிட்டு, கையை விரித்து அசையாமல் வைத்திருப்பாள். நல்ல தண்ணீரானால் நுரை விரலிடுக்கில் நிற்கும். உப்பானால் தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் ரேகைகளில் ஒட்டிக்கொள்ளும். தாமஸ் கிளார்க் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க வகுத்த முறையும் இதேதான்: சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்கி, நுரை கலையாமல் நிற்க எவ்வளவு சோப்பு ஆகிறது என்று பார்ப்பது. அதைப் படித்த அன்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அவரும் ஆத்தங்கரையோ?" என்று கேட்டாள்.

அம்மாவின் உள்ளங்கைக்கும் மூடிக்கும் இடையே ஒரு கணக்கை நாங்கள் ஏற்படுத்திக்கொண்டோம். நுரை நின்றால் அரை மூடி. நின்று கலைந்தால் ஒரு மூடி. திரிந்தால் ஒன்றரை, கூடவே ஒரு ஸ்பூன் சலவை சோடா. சோடா கால்சியத்தை முதலில் பிடித்துக்கொள்ளும், சோப்பு அழுக்குக்கு மிஞ்சும். இந்தக் கணக்கு வந்த பிறகு பாதியில் நுரைக்காக மெஷின் நின்றது கிடையாது.

இன்னும் சில துணிகளை மெஷினிடம் அப்படியே விட்டுவிடுவதில்லை. கஞ்சி போடும் காட்டன் புடவை மெஷினில் துவைந்து வந்தாலும் கஞ்சி முக்குவது பக்கெட்டில்தான். ஐந்தரை மீட்டர் புடவை டிரம்முக்குள் மற்றத் துணிகளையெல்லாம் சுற்றி வளைத்துக் கயிறாகத் திரிந்துவிடும் என்பதால் அதை நாலாக மடித்து வலைப்பைக்குள் போடுகிறோம். அப்பாவின் நாலு முழ வேட்டிகள் இன்னும் அம்மாவிடம் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து அலசி மடித்து வைப்பாள். அவற்றை மெஷின் பக்கம் கொண்டுவருவதில்லை, நானும் கேட்பதில்லை.

நேற்று காலை ஆறு மணிக்கு லாரி வந்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் கூரைக்கு மேல் கேட்டது. நான் அழுக்குக் கூடையைக் கவிழ்த்து, சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்து, ஒரு ஊக்கையும் இரண்டு ரூபாய் நாணயத்தையும் எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். துண்டுகள், விரிப்பு, என் கணவரின் ஆபீஸ் சட்டைகள். மேலே கையை விட்டு அசைத்துப் பார்த்தேன், இடம் இருந்தது. கதவைச் சாத்தினேன். மூடியைத் திறந்து பாட்டிலைச் சாய்த்தபடி காத்திருந்தேன்.

குளியலறையில் குழாய் சொட்டுகிற சத்தம், உள்ளங்கை உரசுகிற சத்தம், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"நல்ல தண்ணிதான்டி" என்றாள் அம்மா. "அரை மூடி போதும்."